வன்னி வெயிலில் காற்றுக்குளிர் இஞ்சின்: விசிறி மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் ஏற்றம் இறக்கம் இல்லை, ஆகவே பழைய காருக்கு இங்கே சிரமமும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரால் குளிரும் காருக்கு அது ஓரளவு சரி. காற்றால் குளிரும் இஞ்சினுக்கு இந்தத் தரையே சோதனை. ஓமந்தை தாண்டினால் ஏ9 றோட்டு நேராகக் கிடக்கும். அக்சிலரேற்றரில் வைத்த கால் புளியங்குளம், கனகராயன்குளம் கடந்தும் எழும்பாது. நாலு பேரும் பொதிகளும் ஏறிய காரில் இஞ்சினுக்கு இளைப்பாற இடமே கிடைக்காது. விசிறி இழுக்கும் காற்று வெளியே இருக்கும் சித்திரை வெயிலின் காற்றுத்தான். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தி, இஞ்சின் இருக்கும் பின்பக்க மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற வெக்கை மிச்சத்தைச் சொல்லும்.

இது பழைய வொக்ஸ்வேகன் பீட்டிலோ, அதே இஞ்சின் பூட்டிய கர்மன் கியா ஸ்போர்ட்ஸ் காரோ கைக்கு வந்து, முதல்முறை தாங்களே வேலை செய்யப் பார்ப்பவர்களுக்கான கட்டுரை. விசிறியைப் பெரிதாக்கினால் சூடு குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் விசிறி தள்ளும் காற்று சிலிண்டரைத் தொட்டுக்கொண்டு போனால்தான் குறையும். வரம்பு உடைந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் இறைத்தாலும் கடைசி வயலுக்குப் போய்ச் சேராது, இதுவும் அப்படித்தான். அதனால் இந்த வேலையில் பாதி, விசிறியைத் தொடுவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

காற்று போகும் வழி

இஞ்சினுக்கு மேலே அரைவட்டமாக நிற்கும் பெரிய தகரம்தான் விசிறிக் கூடு. அதற்குள் இருக்கும் விசிறி, மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. கிராங்கில், அதாவது இஞ்சினின் பிரதானத் தண்டில், இருந்து வரும் ஒரே பெல்ட் டைனமோவையும் விசிறியையும் சேர்த்துச் சுற்றுகிறது. கூட்டின் முன்முகத்தில், அதாவது காரின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தில், ஒரு பெரிய வட்டத் துவாரம் இருக்கும். காற்று அதனால் உள்ளே வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து, சிலிண்டர்களைச் சுற்றி நிற்கும் மெல்லிய உலோகச் செதில்களுக்கு இடையால் கீழே இறங்கி வெளியேறும். 1948இல் போர்ஷே தொடங்கிய 356 ஸ்போர்ட்ஸ் காரின் இஞ்சினும் இந்த அமைப்பில் இருந்து வந்ததே. பின்னர் அதே கொம்பனியின் 911இல் விசிறியின் வடிவம் மாறினாலும் டைனமோவும் விசிறியும் ஒரே இடத்தில் இருக்கும் யோசனை மாறவில்லை.

பழைய பீட்டிலில் ஒரு குறை உண்டு. ஓயில் கூலர் விசிறிக் கூட்டுக்கு உள்ளேயே, இடதுபக்கத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே மூன்றாம் சிலிண்டர். காருக்குப் பின்னால் நின்று முன்னுக்குப் பார்த்தால் இடது பக்கத்தில் முன்னுக்கு இருப்பது அதுதான். கூலர் காற்றை மறிக்கும். மறித்தது போக வருகிற காற்றும் சூடேறி வரும். அதனால் மற்ற மூன்றையும் விட மூன்றாவது எப்போதும் கூடக் காயும். எக்ஸோஸ்ற் வால்வின் தலை உடைந்து பிஸ்டனில் விழுந்த இஞ்சின்களைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, எந்தச் சிலிண்டர் என்று கேட்கவே தேவையில்லை.

1971 மொடலில் இதற்கு வொக்ஸ்வேகன் கொம்பனியே தீர்வு கொண்டுவந்தது. கூலரைக் காற்றோட்டத்தில் இருந்து வெளியே எடுத்து, கூட்டின் முன்பக்க இடது மூலையில் அதற்கென்று ஒரு சிறு அறை கட்டினார்கள். அந்த அறைக்கும் காற்று வேண்டும் என்பதற்காக விசிறியை அகலமாக்கினார்கள். கடைக்காரரிடம் டோக்ஹவுஸ் என்று கேட்டால் விளங்கும். நீங்கள் செய்யப் போவது இந்த மாற்றம்தான். பந்தயக் காருக்கென்று விற்கும் பளபளப்பான விசிறிகளை எல்லாம் விட, கொம்பனி யோசித்துச் செய்த இந்த ஏற்பாட்டையே நான் சொல்வேன்.

விசிறிக்கு முன்னர் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சிப் பக்கத்துக் கராச் ஒன்றில் ஒரு பொடியன், "அண்ணை, பெரிய விசிறி வாங்கிப் போடட்டோ?" என்று கேட்டபோது அங்கிருந்த மூத்த மெக்கானிக் சொன்ன பதில் இது: "முதல்ல ஓட்டையளை அடை தம்பி. பிறகு பாப்பம்." இதைவிட நல்ல ஆலோசனை எனக்குத் தெரியாது.

அந்த ஓட்டைகள் எங்கே? எங்கள் பக்கத்துக் கார்களில் ஹீற்றரை யாரும் விட்டுவைப்பதில்லை. வன்னியில் அது எதற்கு என்று கழற்றி எறிந்திருப்பார்கள். கழற்றியது பிழையில்லை. ஆனால் விசிறிக் கூட்டின் இரண்டு பக்கமும் ஹீற்றருக்குக் காற்று கொடுத்த இரண்டு வட்டக் குழாய்வாய்கள் திறந்தபடி இருக்கும். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அதனால் வீணாகக் கொட்டும். அளவான மூடி கிடைக்காவிட்டால் தகரத்தில் வெட்டி ஒட்டி அடையுங்கள். துணி அடைக்க வேண்டாம்.

அடுத்தது பிளக் வயர்கள் தகரத்துக்குள் நுழையும் இடத்து றப்பர் மூடிகள். நாலும் இருக்க வேண்டும். பிறகு இஞ்சினைச் சுற்றி, தகரத்துக்கும் காரின் உடலுக்கும் இடையில் ஓடும் நீண்ட றப்பர் சீல். இது இல்லாவிட்டால் கீழே வெளியேறிய சூட்டுக் காற்றையே விசிறி மேலே திரும்ப இழுக்கும். மூடிக்குத் தடி கொடுத்துத் திறந்துவைத்து ஓடும் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அநேகமாக அவற்றில் இந்த றப்பர் இருக்காது. தடியை எடுத்துவிட்டு றப்பரைப் போடுவதே சரியான வேலை.

காருக்குக் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில், கீழ்ப்புறத்தை ஒட்டி ஒரு சிறு வளைந்த தகரம் நிற்க வேண்டும். சிலிண்டரின் அடிப்பாதிக்குக் காற்றை ஒட்டவைப்பது அதுதான். பல முறை கழற்றிப் பூட்டிய இஞ்சின்களில் முதலில் காணாமல் போவதும் அதுவே, ஏனென்றால் அது இல்லாமலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும்.

இனி இந்த மண். கிரவல் றோட்டுப் புழுதி ஓயில் கசிவில் ஒட்டினால் செதில்களுக்கு இடையில் செங்கல் மாதிரி இறுகிவிடும். காலபோக அறுவடை நேரம் றோட்டோரத்தில் நெல் காயும், சூடடித்த வைக்கோல் பறக்கும். அந்தப் பதரையும் தூசையும் விசிறி உள்ளே இழுக்கும். கார் சில மாதம் நின்றிருந்தால் எலி கூடு கட்டும், குளவி மண் வைக்கும். காற்று நுழையும் துவாரம் முன்பக்கம் பார்த்திருப்பதால் இஞ்சின் காரில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் டோர்ச்சையும் கூட்டுக்குப் பின்னால் நுழைத்துப் பாருங்கள். குளவிக் கூடு ஒன்று விசிறியின் ஒரு பக்கத்து இலைகளில் ஒட்டியிருந்தால் காற்று குறைவது மட்டுமல்ல, விசிறி நிறை தப்பிச் சுற்றி டைனமோ பெயாரிங்கையும் தின்னும்.

இதோடு, சூட்டுக்குக் காரணம் காற்றே இல்லாமலும் இருக்கலாம். வால்வு இடைவெளியைப் பாருங்கள்; இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெரும்பாலானவற்றில் அது 0.15 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், முன்னுக்குப் போயிருந்தாலோ, கார்பரேற்றர் பெற்றோல் குறைத்துக் கொடுத்தாலோ எந்த விசிறியும் காப்பாற்றாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. அவை அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் அலுவல்களுக்கும் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை; மரியாதைக்குரியவை. ஆனால் அப்படிப்பட்ட இஞ்சின் இடையில் ஒருமுறையும் திறக்கப்படவில்லை என்றால், ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டாமல் விசிறிக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

வாங்க வேண்டியவை

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் பழையதாகவோ புதிதாகவோ கிடைக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைவிட, 1971க்குப் பிந்திய ஒரே இஞ்சினில் இருந்து கழற்றிய முழுத் தொகுதியாக எடுக்கப் பாருங்கள். விசிறிக் கூடு, அகல விசிறி, டைனமோவைக் கூட்டோடு பிடிக்கும் தட்டுகள், தள்ளி நிற்கும் ஓயில் கூலர், அது அமரும் அடிப்பிடி, கூலரின் சூட்டுக் காற்றை வெளியே கொண்டுபோகும் தகரக் குழாய், அந்தக் குழாய்க்கு இடம் விட்டு வெட்டிய முன்தகரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் விற்பவரும் மறப்பார், வாங்குபவரும் மறப்பார். அவை இல்லாவிட்டால் கூலரின் சூடு முழுவதும் இஞ்சின் அறைக்குள்ளேயே கொட்டி, விசிறி அதையே திரும்பக் குடிக்கும். மாற்றத்துக்கு முன் இருந்ததை விட நிலைமை மோசமாகும்.

அகல விசிறி பழைய கூட்டுக்குள் அமராது. விசிறியை மட்டும் வாங்கி வந்து ஏமாற வேண்டாம். டைனமோவுக்கும், அதன் இடத்துக்குப் பின்னர் வந்த ஓல்டனேற்றருக்கும் தட்டு வேறு. உங்களிடம் எது இருக்கிறதோ அதைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். பழைய விசிறியானால் இலைகள் தட்டில் சேரும் இடங்களில் நகத்தால் தடவுங்கள். மயிர் போன்ற வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் வேண்டாம்.

கிராங்குக்குச் சிறிய கப்பி போட்டால் வலு கூடும் என்று விற்பார்கள். அது விசிறியின் வேகத்தைக் குறைத்துத் தருகிற வலு. நெல் அறுக்கும் மிசினுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற அறுவடைக்கால றோட்டில் அதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது.

கழற்றுதல்

இஞ்சினைக் கீழே இறக்கித்தான் செய்ய வேண்டும். டைனமோவை மட்டும் எடுப்பதற்கு இறக்கத் தேவையில்லை; கூட்டையும் கூலரையும் முன்தகரத்தையும் மாற்றுவதற்கு வேறு வழியில்லை. பயப்பட வேண்டாம், இந்த இஞ்சினைப் பிடித்திருப்பது நாலே நாலு பிடிகள், 17 சைஸ் ஸ்பனர். ஆனால் 100 கிலோவுக்கு மேல் நிறை. நல்ல சில்லு ஜக் ஒன்றும் உதவிக்கு ஒரு ஆளும் வேண்டும். காரின் பின்பகுதியைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல்லை நம்பிக் கீழே போகாதீர்கள்.

பற்றரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பெற்றோல் குழாயை அடைத்துக் கட்டிவிட்டு, அக்சிலரேற்றர் கேபிள், டைனமோ வயர்கள், கொயில் வயர், ஓயில் லைற் வயர், ஹீற்றர் கேபிள் இருந்தால் அதையும் எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எழுதிவைப்பது பிறகு பெரிய உதவி. இஞ்சினை இறக்கும்போது நேராகப் பின்னுக்கு இழுத்து, கியர்பொக்ஸ் தண்டு கிளச்சில் இருந்து முழுதாக வெளியே வந்த பிறகே தாழ்த்த வேண்டும்.

சரி, இஞ்சின் வெளியே வந்துவிட்டது. கீழே வலதுபக்கம், சிலிண்டர்களுக்கு அடியில் ஒரு சிறு பித்தளைத் துருத்தி இருக்கும், அதுதான் தெர்மோஸ்டாற். அதில் இருந்து மேலே போகும் கம்பியைக் கழற்றுங்கள். பெல்ட், டைனமோவைச் சுற்றிய பட்டி, கூட்டைப் பிடிக்கும் பக்கத் திருகாணிகள் ஆகியவற்றை எடுத்தால் கூடு நேராக மேலே எழும்பும். இப்போது செதில்கள் முழுவதும் உங்கள் முன்னால். மரக்குச்சியாலும் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் சுத்தம் பண்ணுங்கள். ஹெட்டில், செதில்களுக்கு இடையில் வார்ப்பின்போது மிஞ்சிய மெல்லிய உலோகத் தகடு சில இடைவெளிகளை அடைத்திருக்கும். மெல்லிய கம்பியை மேலிருந்து விட்டு, கீழே வருகிறதா என்று ஒவ்வொரு இடைவெளியாகப் பாருங்கள். வராத இடத்தைச் சிறு அரத்தாலோ துளைக்கும் ஊசியாலோ பொறுமையாகத் திறந்துவிடுங்கள். அரை நாள் போகும். இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தரும் அரை நாள் இதுதான் என்பது என் எண்ணம்.

கூலரும் விசிறியும்

பழைய கூலரை மூன்று நட்டுகள் பிடித்திருக்கும். எடுத்ததும் இஞ்சின் உடலில் தெரியும் இரண்டு ஓயில் துவாரங்களை அளவுங்கள். பழைய உடலில் 8 மில்லிமீற்றர், பிந்தியதில் 10. துவாரத்துக்கும் கூலருக்கும் பொருந்துகிற சீலை மட்டுமே போட வேண்டும். 8இல் இருந்து 10க்கு மாற்றும் சீல் தனியாகவே விற்கிறது. கிடைத்ததைப் போட்டு இறுக்கினால், ஓயில் சூடாகி அழுத்தம் கூடும் நேரம் பார்த்துப் பீறிடும். பாவித்த கூலரை ஒருபோதும் கழுவாமல் பூட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பழைய அழுக்கு நேரே பெயாரிங்குக்குப் போகும்.

விசிறியை டைனமோ தண்டில் 36 சைஸ் நட் ஒன்று பிடித்திருக்கிறது. இறுக்கமாக இருக்கும், நல்ல சொக்கற் இல்லாமல் சுத்தியலும் உளியும் எடுக்க வேண்டாம், பக்கத்துக் கராச்சில் இரவல் வாங்குங்கள். நட்டுக்குப் பின்னால் விசிறி, அதன் பின் மெல்லிய வொஷர்கள், பிறகு தண்டில் ஒரு சிறு சாவித்துண்டோடு அமர்ந்த நடுக்குடம். எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வையுங்கள்.

புதிய விசிறியைப் பூட்டிய பின் விசிறிக்கும் டைனமோப் பக்கத் தட்டுக்கும் இடையில் சுமார் 2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் காற்று பின்னால் நழுவும். குறைந்தால் இஞ்சின் சூடாகும்போது உரசும். இடைவெளியைச் சரிப்படுத்தத்தான் அந்த மெல்லிய வொஷர்கள். நட்டைச் சுமார் 60 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். பிறகு கையால் சுற்றிக் காதைக் கிட்ட வையுங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மெல்லிய "சர்" என்ற சத்தம் கேட்டாலும் திரும்பக் கழற்றி இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

கூட்டுக்குள், கீழே இருக்கும் காற்றுக் கதவுகளைத் தெர்மோஸ்டாற் திறந்து மூடுகிறது. 65 முதல் 70 பாகை செல்சியஸில் திறக்கும். வெப்ப நாட்டில் தேவையில்லை என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். நான் விட்டுவைக்கவே சொல்வேன், இஞ்சின் சீக்கிரம் சூட்டுக்கு வந்தால் தேய்மானம் குறைவு. தெர்மோஸ்டாற் கிடைக்கவில்லை என்றால் கதவுகளை முழுதாகத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடுங்கள். பாதி திறந்து நிற்பதுதான் ஆபத்து.

கூட்டைத் திரும்ப வைக்கும்போது அதன் அடி விளிம்பு சிலிண்டர்த் தகரத்தின் மேல் இடைவெளி இல்லாமல் அமர வேண்டும். வளைந்திருந்தால் தட்டி நேராக்குங்கள். வேலைக்கு எடுத்த துணிகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே மறந்த ஒரு துண்டு, விசிறியோடு போய் ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டர்களுக்கும் காற்றை நிறுத்திவிடும், அதை எந்த மீற்றரும் காட்டாது.

பெல்ட்டும் முதல் ஓட்டமும்

டைனமோக் கப்பி இரண்டு பாதியாக இருக்கும். நடுவில் மெல்லிய வொஷர்கள். நடுவில் இருந்து ஒன்றை எடுத்தால் பெல்ட் இறுகும், சேர்த்தால் தளரும். எடுத்ததை வீசாமல் வெளிப்பாதிக்கு மேலே, நட்டுக்குக் கீழே வையுங்கள். பெல்ட் மாற்றும் நாளில் அது வேண்டும். பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீற்றர் அளவு இறங்க வேண்டும்.

இஞ்சினை ஏற்றிப் பூட்டி, புது ஓயில் இரண்டரை லீற்றர் விடுங்கள். முதலில் கொயில் வயரைக் கழற்றிவிட்டு, ஓயில் லைற் அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணி, கூலரின் அடியில் கசிவு பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கப் பரந்தனில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் றோட்டு போதும். அரை மணி நேரம் ஒரே வேகத்தில் போய் நிறுத்தி ஓயில் சூட்டைப் பாருங்கள். 80 முதல் 100 பாகை வரை கவலையில்லை. 120ஐத் தாண்டினால் நிறுத்தி ஆறவிட்டு, மேலே சொன்ன ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பாருங்கள். கையில் பிடிக்கும் வெப்பமானி ஒன்று இருந்தால் இரண்டு ஹெட்டுகளிலும் நாலு பிளக்குகளுக்கும் பக்கத்தில் ஒரே மாதிரியான இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். மூன்றாவது மற்றவற்றோடு ஒட்டி வந்திருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. இருநூறு கிலோமீற்றருக்குள் பெல்ட்டை ஒருமுறை திரும்பப் பாருங்கள், புதுப் பெல்ட் இளகும்.

கடைசியாக, டாஷ்போர்ட்டில் இருக்கும் சிவப்பு டைனமோ லைற். வேறு சில கார்களில் அது எரிந்தாலும் கொஞ்சத் தூரம் ஓட்டிக்கொண்டு போக முடியலாம். இதில் முடியாது. டைனமோவும் விசிறியும் ஒரே பெல்ட்டில் இருப்பதால், அந்த லைற் ஓட்டத்தில் எரிந்தால் பெல்ட் அறுந்து விசிறி நின்றிருக்கக் கூடும். மாங்குளம் காட்டுக்கு நடுவே என்றாலும் உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்த வேண்டும். காருக்குள் எப்போதும் ஒரு மேலதிக பெல்ட், கப்பி நட்டுக்கு 21 சைஸ் ஸ்பனர், கப்பியைச் சுற்றாமல் பிடிக்க ஒரு பெரிய ஸ்குரூட்ரைவர். இந்த மூன்றும் இருந்தால் றோட்டோரத்தில் நின்றே மாற்றிவிட்டுப் போகலாம்.